பெவிலியனின் நிழலில் ஆடியவள் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி ஆட்சிக் குழுவினருக்கும், முதல்வர் அவர்களுக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

1986இல் நம் கல்லூரியில் இளங்கலை வரலாற்றில் சேர்ந்து, 1989இல் வெளியே வந்தவள் நான். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. பூப்பந்து அணியில் நடு ஆட்டக்காரி. பிறகு காரைக்குடியில் உடற்கல்வி படித்து ஆசிரியையானேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளோடு மைதானத்தில்தான் இருக்கிறேன். கல்லூரியின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்.

கடந்த மே மாதம் ஒரு தேர்வுப் போட்டிக்காக என் பள்ளிப் பிள்ளைகளைத் திருச்சிக்கு அழைத்து வந்திருந்தேன். மாலையில் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. நான் ஆடிய இடத்தைக் காட்டுகிறேன் என்று ஆசையாகச் சொல்லி, பின்வாசல் வழியாக அவர்களை நம் மைதானத்துக்குக் கூட்டி வந்தேன். பெவிலியன் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஏழு படிகளில் அடிப்படிகள் மூன்று மட்டும் இருந்தன. வேப்பமரத்தின் இலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. இரண்டு பெண்கள் உட்கார்ந்து பழைய செங்கல்லில் காரையைத் தட்டி உதிர்த்து, விற்பனைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி, “இதுவா டீச்சர்?” என்று கேட்டாள்.

அந்தப் பெண்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உள்ளே நீளமாக ஒரு தேக்குப் பலகை இருந்ததே, வெள்ளை எழுத்தில் பெயர்கள் எழுதியது, அது எங்கே என்று கேட்டேன். “நிலை, கதவு, உத்தரம், பலகை எல்லாம் முதல் நாளே லாரியில் போய்விட்டதம்மா” என்றார் மூத்தவர். அந்த லாரி யாருடையது என்பது அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

என் அப்பா கொத்தனார். சேர்க்கை நாளன்று மணப்பாறைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் என்னோடு வந்தார். அலுவலக வராந்தாவில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. எழுத்தர் கேட்ட ஒவ்வொரு காகிதத்துக்கும் மஞ்சள் பையைத் துழாவினார், வியர்த்தார். கட்டணம் கட்டி முடித்து, உடற்கல்வி இயக்குநரைப் பார்ப்பதற்காகப் பெவிலியனுக்கு வந்தபோதுதான் அவர் முகம் தெளிந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். “மெட்ராஸ் ஒட்டு” என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடம், வீட்டில் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சைப் பேசினார்.

தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புக் காரை தடவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்களாம். கீழே முட்டுப் பலகை கிடையாது. காரையின் பிடிப்பிலேயே செங்கல் நிற்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கிற கட்டை எகிறித் துள்ள வேண்டும்; அதுவரைக்கும் அடி நிற்காது. கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். என் அப்பாயி அப்படித் தளம் அடித்துக் கூலி வாங்கியவள் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். “மேலே மழைத் தண்ணீரை மட்டும் தேங்கவிடக் கூடாது. மற்றபடி உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இது நிற்கும்” என்று சொல்லிவிட்டு, மூன்றாவது படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைப் பிரித்தார். அவ்வளவு பெரிய வளாகத்தில் அவர் உட்கார்ந்தது அந்தப் படியில் மட்டும்தான்.

சுதந்திரத்துக்கு முந்திய அந்தக் கட்டடத்தை அழகு என்று யாரும் படம் எடுத்ததில்லை. ஆண்டு மலர்களிலும் நாள்காட்டிகளிலும் வந்ததெல்லாம் மணிக்கூண்டும் முகப்பு வளைவும்தான். பெவிலியன் மைதானத்தின் மேற்கு ஓரத்தில், கிழக்கு பார்த்து நின்றது. முன்னால் ஏழு கருங்கல் படிகள், படிகளுக்கு மேலே தூண்கள் தாங்கிய திறந்த திண்ணை, திண்ணைக்குப் பின்னால் மூன்று அறைகள். நடுவில் இயக்குநர் அறை, வடக்கே ஆண்கள் உடை மாற்றும் அறை, தெற்கே சாமான் அறை. சாமான் அறையின் வாசனையை என்னால் இப்போதும் பிரித்துச் சொல்ல முடியும். கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் ஆளி விதை எண்ணெய், கோடு போடும் சுண்ணாம்புப் பொடி, சுருட்டி வைத்த தென்னைநார் விரிப்பில் இறங்கிய மழை ஈரம், யாரோ முழங்காலில் தேய்த்துவிட்டுப் போன ஐயோடெக்ஸ்.

கட்டியவர் யாராக இருந்தாலும் வெயிலின் போக்கை அறிந்தவர். கட்டடம் மேற்கே நின்றதால், மாலையில் பார்வையாளர் கண்ணில் வெயில் விழாது. நாலரை மணிக்கெல்லாம் அதன் நிழல் படிகளைத் தாண்டித் தரையில் இறங்கிவிடும். அந்த நிழல் விழுகிற இடத்தில்தான், ஓடுபாதைக்கு வெளியே, பெண்கள் பூப்பந்துத் தளம் இருந்தது. எங்களுக்கென்று யாரும் திட்டமிட்டு ஒதுக்கிய இடமல்ல அது. நல்ல தளங்கள் இரண்டும் ஆண்களுக்கு, மைதானத்தின் நடுவில். ஓரத்தில் மிஞ்சியது எங்களுக்கு.

அந்த ஓரம்தான் எங்களை ஆட வைத்தது. ஆண்கள் ஐந்தரைக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு இறங்கலாம், இருட்டும்வரை ஆடலாம், விடுதிக்கு நடந்தே போகலாம். எங்களில் பாதிப் பேர் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் வீட்டில் கேள்வி. இரண்டு முறை விட்டால் கல்லூரிக்கே முழுக்கு. வகுப்பு முடிவது நான்கு மணி. நான்கிலிருந்து ஐந்தேமுக்கால்வரை திருச்சி வெயிலில் வெட்டவெளியில் ஆடிப் பாருங்கள். அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்தது எந்த அரசாணையும் இல்லை, எந்தக் குழுவின் தீர்மானமும் இல்லை. அந்தக் கட்டடத்தின் நிழல் கொடுத்தது.

காற்றையும் சொல்ல வேண்டும். பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து. எடை முப்பது கிராமுக்குள். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்று எங்கள் இயக்குநர் பெருமையாகச் சொல்வார். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். தூறல் பட்டால் பந்து நனைந்து கனத்துப் பயனற்றதாகிவிடும். காற்று அடித்தால் அது ஆட்டமே இல்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று திருச்சியை என்ன பாடுபடுத்தும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நடுத் தளத்தில் ஆண்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, நாங்கள் சுவர் மறைவில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருப்போம். ஆடியில் மட்டும் அவர்கள் எங்கள் தளத்தைக் கேட்டு வருவார்கள். மார்க்கர் அண்ணன் விடமாட்டார்.

மார்க்கர் அண்ணன். இருபது ஆண்டு மாணவர்களுக்கு அவர் பெயர் இதுதான். காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்து சாமான் அறையைத் திறப்பார். கோடு போடக் கயிறும் நான்கு ஆணியும் போதும் அவருக்கு. கபடித் தளம் ஆண்களுக்கு 13க்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. அளவு நாடாவைத் தொடாமல் காலடியிலேயே அளந்துவிட்டு, பிறகு நாடாவால் சரிபார்த்துக் காட்டுவார். ஆண்டு விளையாட்டு விழாவுக்கு 400 மீட்டர் பாதை போடுவதுதான் அவருடைய பெரிய வேலை. ஒவ்வொரு பாதையின் வளைவும் உள்பாதையைவிட நீளம் என்பதால், இரண்டாம் பாதைக்காரரை 7 மீட்டருக்குச் சற்று மேல் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்றாமவரை இன்னும் முன்னால். அந்தக் கணக்கு முழுவதையும் ஒரு கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டு வைத்திருந்தார். அவருக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நான் இன்றைக்கு என் பள்ளியில் பாதை போடும் முறை கல்லூரியில் படித்ததல்ல, அவரிடம் கற்றது.

இயக்குநர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கரைப் பற்றி, மழைக்காக நாங்கள் திண்ணையில் ஒதுங்கி நிற்கும்போதெல்லாம் சொல்வார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர் அவர். ஆனால் இயக்குநர் வலியுறுத்தியது அதை அல்ல. அணியில் இருக்கிற பதினொருவருக்கு மட்டும் அல்ல, கல்லூரியில் இருக்கிற அத்தனை பேருக்கும் விளையாட்டு வேண்டும் என்பதைத்தான். அதனால்தான் அந்தத் திண்ணைக்குக் கதவு போட அவர் விடவில்லை. பக்கத்துத் தெருப் பையன்கள் வந்து படுப்பார்கள், தூண்களில் கிறுக்குவார்கள் என்று புகார் போனது. வரட்டும் என்றார்.

1986 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சியோலில் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. மார்க்கர் அண்ணன் தன் டிரான்சிஸ்டரைத் திண்ணைத் தூணின் ஆணியில் மாட்டிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. சியோலில் 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கம் வந்தது. 100 மீட்டரில் வெள்ளி. இந்தியா அந்த முறை வாங்கிய மொத்தத் தங்கமே ஐந்து. ஒவ்வொரு செய்தி வந்ததும் சாமான் அறைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார் அண்ணன். நான் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதுவரை படிகளின் ஓரத்தில் ஒதுங்கி நின்ற பெண்கள், அந்த வாரத்தில்தான் திண்ணையின் நடுவில் உட்கார ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று எழுதினால் அது பொய். உடை மாற்றும் அறை ஆண்களுக்கு மட்டும். நாங்கள் சாமான் அறைக்குள் போய், ஈட்டிகளுக்கும் உருளைக்கும் நடுவில், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் மாற்றிக்கொண்டோம். கழிப்பறைக்கு நூலகக் கட்டடம்வரை நடக்க வேண்டும். ஒரு நாள் கதவைப் பிடித்திருந்தவளின் கை நழுவிவிட்டது. வெளியே நின்ற யாரோ சிரித்தார்கள். அவள் அதோடு ஆட வரவில்லை; பெயர்கூடப் பலகையில் ஏறவில்லை. மறு நாள் இயக்குநர் தச்சரை அழைத்து அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார். ஆறு அங்குல இரும்புத் தாழ்ப்பாள். ஒரு வார்த்தை பேசவில்லை, போட்டுவிட்டுச் சாவிக்கொத்தை எங்களிடம் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்கென்று செய்யப்பட்ட ஒரே வேலை அந்தத் தாழ்ப்பாள்தான்.

பெயர்ப் பலகையும் அப்படித்தான். மேலிருந்து கீழாக ஆண்டு, போட்டி, பெயர். 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை நம் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்ததால், மேல் பாதி வரிசைகளில் சென்னை, கீழ் வரிசைகளில் பாரதிதாசன். அத்தனையும் ஆண்கள் பெயர். நாங்கள் 1988இல் மண்டலக் கோப்பையை வாங்கியபோது பலகையில் இடம் இல்லை. ஓவியர் கீழே சட்டத்தின் ஓரத்தில், எழுத்தைச் சிறிதாக்கி எங்கள் பெயர்களை எழுதினார். குனிந்தால்தான் படிக்க முடியும். அப்பா ஒருமுறை வந்து குனிந்து படித்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் குனிந்தே நின்றார்.

1977 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி மார்க்கர் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புயல் மழையில் திருச்சி மூழ்கிய அந்த இரவில், பின்வாசல் பக்கக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள் பெவிலியன் படியேறித் திண்ணையில் தங்கினார்கள். யாரிடமும் சாவி கேட்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் நான்காவது படியோடு நின்றது. அந்தப் படியின் பக்கவாட்டில் அண்ணன் உளியால் போட்ட கோடு ஒன்று இருந்தது. நீங்கள் மிச்சம் வைத்திருப்பவை கீழ்ப் படிகள் மூன்று.

இனி, கட்டடம் ஏன் போனது என்பது. “உறுதித்தன்மை இல்லை, இடித்தாக வேண்டும் என்று பொறியாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்” என்று நீங்கள் சொல்வீர்கள். அதை நான் மறுக்கவில்லை. கூரை விழுந்து ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. தினமும் பிள்ளைகளோடு நிற்கிறவள் நான். ஆனால் அந்த நிலைக்கு அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1996இல் ஒரு போட்டிக்கு நடுவராக வந்தேன். சுவர்களுக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசி, பளபளவென்று வண்ணம் அடித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் வெளியே போக வழியில்லாமல் ஈரம் உள்ளேயே கிடந்து செங்கல்லை அரிக்கும். அப்பாவிடம் வந்து சொன்னபோது, “அப்படியானால் அதற்கு நாள் குறித்துவிட்டார்கள்” என்றார். அதே ஆண்டு கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது, ஒரு முழ உயரம். கையால் பிடுங்கியிருக்கலாம். பிறகு நான் வந்த ஒவ்வொரு முறையும் அது வளர்ந்திருந்தது. மாடியின் மழைநீர்க் குழாய்வாயில் இலை அடைத்து, தண்ணீர் தளத்தில் குளம்போல் நின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய்வாயை வாரத்துக்கு ஒருமுறை கூட்டியவர் மார்க்கர் அண்ணன். அவர் ஓய்வு பெற்றபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவே இல்லை. பெவிலியன் இடிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆண்டுதோறும் எங்கேயோ ஒரு பழைய கட்டடத்துக்கு இது நடக்கிறது. தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களைக் காக்க 2012இல் சட்டம் இயற்றினார்கள். நம் பெவிலியன் போன்றவை எந்தப் பட்டியலிலும் வராது. கோபுரம் இல்லை, மாடம் இல்லை, பெரிய மனிதர் யாரும் அங்கே சொற்பொழிவு ஆற்றவில்லை. 1879இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தைப் பழுதுபார்த்து மீட்டெடுத்தார்கள். 2003இல் கடற்கரையில் உள்ள இராணி மேரிக் கல்லூரி இடத்தில் தலைமைச் செயலகம் வருகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, மாணவியர் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். 1914இல் தொடங்கிய அந்தக் கல்லூரி இன்றும் அங்கேயே இருக்கிறது. அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதுதான் வேறுபாடு.

பழைய மாணவர் சங்கத்தாரே, உங்களோடு எனக்குக் கூடுதலான வருத்தம். புதிய உள்விளையாட்டரங்குக்கு நன்கொடை கேட்டு எனக்கு நான்கு செய்திகள் வந்தன. கணினியில் வரைந்த படம் வந்தது, கண்ணாடி முகப்போடு. நன்கொடையாளர் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்படும் என்றும் இருந்தது. பழைய கட்டடம் எந்த வாரம் இடிக்கப்படுகிறது என்று ஒரு வரி இல்லை. இடித்த மறுநாள், தூசிக்குள் படிகள் தெரிகிற படத்தைக் குழுவில் போட்டு “பசுமையான நினைவுகள்” என்று எழுதினீர்கள். அறுபது பேர் கைகூப்பினார்கள். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால், அந்த அறுபதில் பத்துப் பேராவது வந்து பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் நூலகத்தில் வைத்திருப்போம்.

புதிய அரங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் நனையாத மரத்தளம், இரவு விளக்கு, காற்று புகாத சுவர்: எங்கள் காலத்தில் இதைக் கனவு கண்டுகொண்டுதான் ஆடினோம். என் பிள்ளைகள் அங்கே வந்து ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உடை மாற்றும் அறை எங்கே என்று தேடினேன். பெண்களுக்கென்று தனியாகக் குறித்திருக்கவில்லை. வரைபடத்தில் விடுபட்டிருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கட்டும், கழிப்பறை அதோடு ஒட்டியிருக்கட்டும். வாசலில் அட்டை காட்டித் திறக்கிற கதவு ஒன்று தெரிகிறது. அரங்கைப் பூட்டிக்கொள்ளுங்கள், விலை உயர்ந்த தளம், பூட்டத்தான் வேண்டும். ஆனால் கிழக்குப் பக்கம், மைதானத்தைப் பார்த்து, நான்கைந்து படிகளும் ஒரு திறந்த திண்ணையும் வையுங்கள். அணியில் இல்லாத பிள்ளை உட்கார, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளை உட்கார, சேர்க்கைக்கு வந்த அப்பா சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க. மாலை வேளையை மணிக்கு இவ்வளவு என்று வெளியாருக்கு வாடகைக்கு விடும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான்கிலிருந்து ஆறுவரை மட்டும் அதைச் செய்யாதீர்கள். பஸ்ஸில் போகிற பெண் பிள்ளைகளுக்கு இருப்பது அந்த நேரம் மட்டும்தான்.

மார்க்கர் பணியிடத்தை நிரப்புங்கள். அரசு அனுமதி வரும்வரை தொகுப்பூதியத்திலாவது ஒருவரை வையுங்கள். பளிங்கில் பெயர் பொறிக்கும்போது, நன்கொடை கொடுக்க முடியாத அந்த மனிதரின் முழுப்பெயரையும் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பொறியுங்கள். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெயர் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

பலகைக்கு வருகிறேன். இடித்த ஒப்பந்தக்காரர் யார், மரச்சாமான்கள் எந்தப் பழைய மரக்கடைக்குப் போயின என்ற விவரத்தை எனக்குக் கொடுங்கள். போதும். நான் கடை கடையாக ஏறி இறங்கத் தயார். தேக்கு விலைக்கு அதை விற்றிருப்பார்கள், அதே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். இழைப்புளி பட்டு எழுத்துகள் போய்விட்டிருந்தால் அதையும் தெரிந்துகொள்கிறேன். பழைய ஆண்டு மலர்களிலிருந்து பெயர்களைத் தொகுத்துப் புதிய பலகை எழுதுவதாக இருந்தால், அந்த வேலையை என்னிடம் கொடுங்கள். இந்த முறை பெண்கள் பெயரையும் கண் மட்டத்தில் எழுதலாம்.

அரங்கு எழும்ப இரண்டு ஆண்டாவது ஆகும் என்கிறார்கள். கல்லூரி திறந்துவிட்டது. சென்ற வாரம் மறுபடி வந்து பார்த்தேன். பெண்கள் தளம் அதே இடத்தில் இருக்கிறது, வலை கட்டியிருக்கிறார்கள். நாலே கால் மணிக்கு ஏழு பிள்ளைகள் மட்டையோடு வந்தார்கள். மேற்கே மறைப்பு ஒன்றும் இல்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று வெயில் தாழக் காத்திருந்தார்கள். ஐந்தேகாலுக்கு இறங்கினார்கள், ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஆனி முடியப் போகிறது, அடுத்தது ஆடிக் காற்று. அதற்குள் அந்தத் தளத்தின் மேற்கே சவுக்குக் கம்பம் நட்டுப் பதினைந்தடி உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டிக் கொடுங்கள். பணம் இல்லை என்றால் சொல்லுங்கள், கம்பத்துக்கும் கீற்றுக்கும் நான் தருகிறேன். கட்டுவதற்கு ஆளையும் என் ஊரிலிருந்தே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி, வரலாற்றுத் துறை, 1986–89